மஞ்சள் டப்பா

“ஏனுங்க, ஊத்துற தண்ணியெல்லாம் எங்க போகுது?”

“லாரி குடிக்குது.”

“கீழ ஒரு சொட்டு ஈரங்கூட இல்லீங்களே?”

“உனக்கு லாரிக்கு அடியில என்ன வேலை அம்மிணி?”

பொங்கல் முடிந்த வாரத்தில் நடந்த பேச்சு. இப்போது வைகாசி.

நாமக்கல் பட்டறையில், சங்கிலியில் தொங்கிய பழைய இன்ஜினைப் பார்த்தபடி அவள் அதை நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் கணவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவள் விடவில்லை.

லாரி வீட்டு முன்னால் நிற்கும்போதெல்லாம் பழைய காலண்டர் தாளைக் கிழித்து இன்ஜினுக்குக் கீழே விரித்துவைத்தாள். எடுக்கும்போது தாள் காய்ந்தே இருக்கும். ரேடியேட்டரிலோ மறுபடி அரை வாளித் தண்ணீர் குறைந்திருக்கும்.

வீட்டில் இன்னொன்றும் குறைந்துகொண்டே வந்தது.

மஞ்சள் தூள்.

அம்மா வீட்டுக் காட்டில் விளைந்து, மில்லில் அரைத்து வந்தது. ஆறு மாதம் வரவேண்டிய டப்பாவில் ஒரே மாதத்தில் அடி தெரிந்தது. மறுபடி நிரப்பினாள். மறுபடி காலி.

எங்கே போகிறது என்று அதையும் கேட்கத்தான் நினைத்தாள். கேட்கவில்லை. வீட்டில் அவன் இருக்கிறானே, அது போதும் என்றிருந்தது.

தண்ணீர் குறையும் வண்டியை வடக்கே ஓட்ட முடியாது. கோழித் தீவனம் ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டாரத்திலேயே ஓட்டினான். மூன்று நாளைக்கு ஒரு முறை வந்துவிடுவான். கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துத் தருவான். உரித்துக்கொண்டே இருப்பான்.

அதற்கு முன், கல்யாணமான ஒன்பது வருடமும், வடக்கே போனால் திரும்பிவர இருபத்தைந்து நாள்.

போன வாரம், ஊருக்குள் நுழையும்போதே லாரி வெள்ளையாகப் புகை விட்டது. பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். மெக்கானிக் மாதப்பன் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். கறுப்பாக இருக்கவேண்டிய ஆயில் பால் டீ நிறத்தில் வழிந்தது.

“தண்ணி எங்க போகுதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தியாமே அம்மிணி, இந்தா பாரு. உள்ள கீறல் விட்டு ஆயிலோட கலந்திருச்சு. இது தேறாது. வேற இன்ஜின்தான்.”

அந்த வேறு இன்ஜின் இன்று ஏறிவிட்டது. ரேடியேட்டரை மட்டும் மாட்டவேண்டும்.

மாதப்பன் அதைத் திறந்தார்.

உள்ளே மஞ்சளாகச் சேறு.

அவள் குனிந்து ஒரு விரலால் தொட்டாள். முகர்ந்தாள்.

அம்மா வீட்டு மஞ்சள்.

“ரத்தினா,” என்றார் மாதப்பன். “குண்டூசி ஓட்டைடா இது. ஓடுறப்ப சூட்டுல கசியும், கசிஞ்சது ஆவியாப் போயிரும், வண்டி நின்னாக் கசிவும் நின்னுரும். அப்பவே கொண்டாந்திருந்தா ஈயத்தை வச்சு அரை நாள்ல அனுப்பியிருப்பேன்.”

அவன் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தான்.

“வழியில கசிஞ்சா ஒரு கை மஞ்சத்தூளைப் போட்டு ஓட்டைய அடைச்சுப் பட்டறை வரைக்கும் வர்றது எல்லாரும் பண்றதுதான். நாலு மாசமாவா போடுவாங்க? ரேடியேட்டரே அடைச்சுக்கிட்டுச் சூடேறி இன்ஜினே போச்சு. இருபது வருசமா ஓட்டுற, உனக்கு இது தெரியாது?”

அவன் ஸ்பேனரைத் துடைத்தான்.

ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

அரை நாள் வேலை.

நாலு மாதத்தில் இவனுக்கு அரை நாள் கிடைக்கவில்லையா?

எத்தனை பூண்டு உரித்திருப்பான்.

ரேடியேட்டரைக் கழுவினார்கள். தண்ணீர் மஞ்சளாக ஓடி, வெளிறி, தெளிந்தது. ஓட்டையை ஈயத்தால் அடைத்து மாட்டினார்கள். அவன் மேலே ஏறிச் சாவியைத் திருப்பினான். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. சீரான சத்தம். அவள் காதுக்குப் புதிய சத்தம்.

“எங்க லோடு?” என்று மாதப்பன் கேட்டார்.

“கவுகாத்தி.”

சொல்லும்போது அவன் இன்ஜினைப் பார்த்தான்.

“முதல் ஆயிரம் கிலோமீட்டர் பைய ஓட்டு. அம்பது கிலோமீட்டருக்கு ஒருக்கா நிறுத்தித் தண்ணியப் பாரு. சூடு காட்டுற முள்ளு மேல கண்ணு இருந்துக்கிட்டே இருக்கணும். கிளீனர் இல்லாமத் தனியாப் போற ஆளு நீ. ரோட்டையும் பாத்து முள்ளையும் எப்படிப் பாப்ப? யாரையாவது ஏத்திக்க.”

“யாரு வருவா?”

அவன் வடக்கே கிளம்பும் ஒவ்வொரு முறையும் எலுமிச்சம்பழம் சக்கரத்தில் நசுங்கும். லாரி நகரும். அவர்கள் தெருவில் பெண்கள் லாரியை வழியனுப்புவார்கள். ஏறமாட்டார்கள். சோற்றுத் தூக்கை எட்டிக் கொடுக்கும்போது அவள் நாக்கு நுனி வரைக்கும் ஒன்று வரும். அவன் கை தூக்கை வாங்கிக்கொள்ளும். வந்தது உள்ளே போய்விடும்.

ஒன்பது வருடம்.

அவள் முந்தானையில் விரலைத் துடைத்தாள். மஞ்சள் முழுதாகப் போகவில்லை.

லாரியின் இடப்பக்கம் சுற்றிப் போனாள். கதவைத் திறந்தாள். முதல் படி அவள் நினைத்ததைவிட உயரத்தில் இருந்தது. கம்பியைப் பிடித்து ஏறி, எட்டிப் பார்த்தாள். வட்டக் கண்ணாடிக்குள் சின்னதாக ஒரு முள், பாதிக்குக் கீழே, அசையாமல் நின்றது.

இதுதானா?

அவன் திரும்பிப் பார்த்தான்.

“மஞ்ச டப்பா வீட்டுலயே இருக்கட்டுங்க,” என்றாள். “முள்ளை நான் பாத்துக்கறேன். என்னையும் கூட்டிட்டுப் போங்க.”