கழுவாமல் விட்ட ஆடு

ஹாலிவுட்டில் எங்கள் கார்ட்டூன் ஸ்டுடியோவை இன்று மாலையோடு மூடுகிறார்கள். கார்ட்டூன் வரைந்து படம் பிடித்து முடித்த, கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாள்களைக் கழுவி, அவற்றிலேயே மறுபடி வரைய வேண்டும் என்பது தயாரிப்பாளர் ஹாஸ்கின்ஸின் இருபது வருட உத்தரவு. வண்ணம் தீட்டும் லெனோரா இப்போதும் தொட்டியருகே நின்று கழுவிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வெயிலில் நீலமும் மஞ்சளும் நுரையோடு சுழன்று இறங்குகின்றன. "இன்னும் எதுக்கு லெனோரா கழுவுறே?" என்கிறார் ஹாஸ்கின்ஸ். "கை பழகிடுச்சு சார்." அவர் சட்டைக்கை நனையத் தொட்டிக்குள் கைவிட்டு, ஒரு தாளை எடுத்து வெயிலுக்கு நேரே பிடிக்கிறார். அவருக்குப் பேர் வாங்கித் தந்த கார்ட்டூன் ஆடு பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. "எத்தனை ஆயிரம் ஆட்டைக் கழுவவெச்சிருப்பேன். என்கிட்ட ஒண்ணுகூட இல்ல. இதை எடுத்துக்கிறேன்." "அதுக்குக் கால் அழிஞ்சுபோச்சே சார்." அவர் தாளைக் கைக்குட்டையால் ஒற்றுகிறார். "போகட்டும். இனிமே அது எங்க ஓடப்போகுது?"