விடுபட்ட பெயர்

பாறையில் மோதிய கப்பலிலிருந்து கண்டவு தீவில் கரைசேர்ந்தவர்களின் பட்டியல் சுவா துறைமுக அலுவலகத்துக்கு வந்திருந்தது. நாற்பத்தொரு பேர். லிட்டியா நான்காம் முறையாக விரல் வைத்துப் படித்தாள். கணவன் சவெனாதாவின் பெயர் இல்லை. தீவுக்கு போனும் கிடைக்கவில்லை.

“கம்ப்யூட்டர்தான் தப்பு பண்ணுது!” என்று அதிகாரி வைசாலேயிடம் கத்தினாள். “அங்க ரெண்டு கவுன்ட்டர்ல பேர் பதியறாங்க. கவுன்ட்டருக்கு ஒண்ணா உள்ள ஓடுற ரெண்டு திரெட்டும் ஒரே ஃபைல்ல ஒரே நேரத்துல எழுதுது. ஒண்ணு எழுதின பேரை இன்னொண்ணு அழிச்சிருக்கும்!”

“அதெல்லாம் நடக்காது மேடம். ஒருத்தர் எழுதி முடிக்கிற வரைக்கும் அடுத்தவரை விடாதாம். சோதிச்சுப் பார்த்தாச்சுன்னு கம்பெனியில கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க.”

“பொய்! சோதிக்கவே இல்ல!”

“யாரோ ராப்பகலா உழைச்சு எழுதின புரோகிராமை இப்படிப் பேசாதீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

லிட்டியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுதினதே நான்தான். அந்தக் கையெழுத்தும் என்னோடதுதான். என் புரோகிராம் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்!”