ரெஜினாவின் கொண்டைப் பூ

ரோஜாச் சங்கத்தார் தலைமுறை தலைமுறையாக இனம் கலந்து கலந்து முள்ளை ஒழித்தார்கள், நீல நிறத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள். தலையில் வைத்தால் வாடாத ரோஜா மட்டும் யாருக்கும் கைகூடவில்லை. கடைசியில் அதைச் சாதித்தவர் குன்னூர் செலஸ்டின்.

முதல் பூவை அவர் தம் மனைவி ரெஜினாவின் கொண்டையில்தான் வைத்தார். அது அங்கேயே வேர்விட்டு வளர்ந்தது. கண்காட்சிக்குக் கண்காட்சி அவளைத்தான் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நாளாக ஆக ரெஜினா இளைத்தாள், பூ பெருத்தது.

"எடுத்துடவா?" என்று அவர் கேட்டபோதெல்லாம், "இருக்கட்டும், அழகாத்தானே இருக்கு," என்று சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

சவப்பெட்டியைச் சுற்றி நின்ற சங்கத்தார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பூவைத்தான் பார்த்தார்கள். அதில் புதிதாக மொட்டு விட்டிருந்தது.

"ஒரு குச்சியாவது வெட்டிக் குடுங்க சார். இந்த இனம் மண்ணோட போயிரக் கூடாது," என்று செயலாளர் வரதன் கத்தரியும் கையுமாகக் கெஞ்சினார்.

"அவளோடயே போகட்டும்," என்ற செலஸ்டின் பெட்டியை மூடச் சொன்னார்.

மகள் ஜோவிதா கடைசியாகக் குனிந்து அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டாள். நிமிரப் பார்த்தாள், முடியவில்லை. பூவின் தண்டொன்று அவள் கூந்தலுக்குள் நுழைந்திருந்தது. செலஸ்டின் பதறிப்போய் வரதனின் கத்தரியைப் பிடுங்கி, அந்தத் தண்டில் வைத்து அழுத்தினார். ஜோவிதா அலறினாள்.

"அப்பா, வெட்டாதீங்க! எனக்கு வலிக்குது!"

அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"விட்டுடுங்க சார்," என்றார் வரதன் மெதுவாக. "பிடிச்சுக்கிச்சு."