பதினஞ்சு எழுத்து

"மெஷினுக்குப் பேரு வச்சது நீங்க. எங்க சாஃப்ட்வேரைக் குறை சொன்னா எப்படிங்க மேடம்?"

போன் ஸ்பீக்கரில் சித்தார்த்தின் குரல் கேட்டதும் அனுசுயாவுக்குச் சுள்ளென்று ஏறியது.

திருச்சி மன்னார்புரத்துக் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லேப் அவள் பொறுப்பு. ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருளைத் தந்தது, ஸ்ரீரங்கத்தில் சித்தார்த் வேலை பார்க்கும் கம்பெனி. அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு அவள் வைத்தது ஊர்ப் பெயர்கள். ஒரு வாரமாக மென்பொருளில் கோளாறு. நாளைக்குச் செய்முறைத் தேர்வு.

"மதுரை ஒண்ணு, மதுரை ரெண்டு நல்லாத்தான் ஓடுது சார். திருச்சிராப்பள்ளி ரெண்டுல ஒண்ணைப் போட்டா இன்னொண்ணுக்கு நெட்வொர்க் போயிடுது. நம்ம ஊர் மேல என்ன கோபம் உங்களுக்கு?"

"கோபம் எனக்கில்லைங்க, உங்களுக்குத்தான்."

"பேச்சை மாத்தாதீங்க. மெஷின் பேரையேதான் உங்க சாஃப்ட்வேர் நெட்வொர்க் கார்டுக்கும் வைக்குது. அங்க பதினஞ்சு எழுத்துக்கு மேல ஏறாது. திருச்சிராப்பள்ளிய இங்கிலீஷ்ல எழுதி எண்ணுங்க."

மறுமுனையில் டி, ஐ, ஆர் என்று முணுமுணுப்பு. "பதினஞ்சு..."

"பின்னாடி இருக்கிற நம்பர் வெட்டுப்பட்டு, ரெண்டுக்கும் ஒரே பேராயிடுது. அப்புறம் அடிச்சுக்காம என்ன செய்யும்?"

"வெறும் திருச்சின்னு நீங்க மாத்திக்கலாமே?"

"எப்பவும் அடுத்தவங்கதான் விட்டுக்கொடுக்கணுமா?"

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"சரிங்க, தப்பு என் மேலதான். நம்பரை முன்னாடி கொண்டுவந்து அனுப்புறேன்."

அரை மணி நேரத்தில் திருத்தம் வந்தது. இரண்டு திருச்சிராப்பள்ளியும் சண்டையில்லாமல் ஓடின. லேபில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெலிண்டா கைதட்டினாள்.

"தப்புன்னு ஒத்துக்கிறதுக்கே ஒரு வாரமா மேடம்! இந்த ஆளைக் கட்டிக்கிட்டவ என்ன பாடுபடுறாளோ!"

"பாவந்தான்" என்றாள் அனுசுயா.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஸ்பீக்கரைப் போடாமல் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தாள்.

"புகாரை முடிச்சிரலாமா மேடம்?"

"முடிச்சிரலாம் சார்."

மறுமுனையில் குரல் தணிந்தது. "அப்ப சாயங்காலம் காட்டூர் வந்து உன்னையும் குழந்தையையும் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா அனு? உங்கம்மா கதவைத் திறப்பாங்கல்ல?"