திறக்காத கூடை

பிரெஞ்சு எல்லைச் சுங்கச் சாவடியில் எல்லார் கூடையையும் கிளறிப் பார்க்கிற லசார், செசீலின் கூடையை மட்டும் தொடுவதே இல்லை. "போங்கண்ணி" என்று ஒரு சிரிப்பு வேறு.

கூட வேலை பார்க்கும் மத்தியாசுக்கு வயிறு எரிந்தது. செசீல் அவன் மனைவி. மாதாமாதம் எல்லை தாண்டிக் கடலூருக்குப் போய் வருகிறாள். கேட்டால், அக்காவைப் பார்க்கவாம்.

அன்று அவள் திரும்பி வந்தபோது சாவடியில் கூட்டமில்லை. மத்தியாசே எழுந்து கூடையைப் பிடுங்கினான். கத்தரிக்காய்க்கு அடியில் பஞ்சுத் துண்டுகளும் இரண்டு நுரைப்பொடி டப்பாக்களும் இருந்தன. பிள்ளை உண்டாகாமல் தடுக்கிற சாமான்கள். பிரெஞ்சு சட்டப்படி உள்ளே வரக் கூடாதவை.

"இவனோட கூத்தடிக்கவாடி இதெல்லாம்?"

லசார் தலையைக் குனிந்துகொண்டான். செசீல் குனியவில்லை.

"ஒண்ணு இவரு சம்சாரத்துக்கு. அஞ்சாவது பிரசவத்துல செத்துப் பொழச்சுது. இவரு சொல்லித்தான் வாங்கியாரேன்."

"இன்னொண்ணு?"

"எனக்கு. ஏழாவது பெத்தா உசுரு தங்காதுன்னு டாக்டரம்மா சொன்னத உங்ககிட்ட அழுதேன். ஆண்டவரு பாத்துக்குவாருன்னீங்க. மூணு வருசமா நம்ம ஊட்ல தொட்டில் கட்டலியே, எதனாலன்னு நெனச்சீங்க? இவரு பாக்காம வுட்டதாலதான்."