யாருடைய றேந்தை?

"எடியே, உது என்ரை விரிப்படி! பழகப் போறன் எண்டு வாங்கிக்கொண்டு போய் உன்ரை பேரிலை குடுத்திருக்கிறியே, வெக்கமில்லை?"

பெர்னடெட்டின் சத்தம் கோயில் மண்டபத்தைத் தாண்டிக் கடற்கரை வரை கேட்டிருக்கும்.

மேசையில் விரித்துக் கிடந்தது, நூலால் வலைபோலப் பின்னிய அந்த வெள்ளை றேந்தை விரிப்பு. நடுவில் ஒரு பெரிய பூ. அதைச் சுற்றிச் சுற்றி மீன்செதில் போல வளைவுகள். குருநகரில் அப்படியொரு ஊசிப் பின்னலை யாரும் பார்த்ததில்லை. தேவாலயப் பங்கின் தையல் வகுப்புக்கு ஒரு ரீச்சர் தேவை, அவரவர் செய்த வேலையைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சிஸ்டர் றெஜினா சொல்லியிருந்தார். யசிந்தா கொண்டுவந்து வைத்தது இதைத்தான்.

"நான் பின்னினதுதான் சிஸ்டர்," என்றாள் யசிந்தா மெல்லிய குரலில். "பெர்னடெட் அக்காவின்ரையைப் பாத்துப் பழகினன், ஓம். அவவின்ரையை அப்பவே திருப்பிக் குடுத்திட்டன்."

"எப்ப குடுத்தனி? எந்தக் கிழமை குடுத்தனி? சொல்லடி!"

"பாத்தீங்களே சிஸ்டர், எப்பிடிக் கதைக்கிறா எண்டு." யசிந்தாவின் கண் கலங்கியது.

யசிந்தாவுக்கு அழத் தெரியும். பெர்னடெட்டுக்குத் திட்டத்தான் தெரியும். அதுதான் வினை. யார் போய்க் கேட்டாலும் பெர்னடெட் சும்மா பின்னப் பழக்குவாள். பழக்கி முடிப்பதற்குள் நாலு பேச்சும் கொடுத்துவிடுவாள். மண்டபத்தில் கூடியிருந்த பெண்களில் பாதிப் பேர் அந்தப் பேச்சை வாங்கியவர்கள்.

"உவளுக்கு வாய் கூட," என்றாள் அவர்களில் ஒருத்தியான மரியநாயகி. "உவளை நம்பி எங்கடை பெட்டையளை எப்பிடி வகுப்புக்கு விடுறது?"

பெர்னடெட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டையால் கடலுக்குப் போகத் தடை போட்டு எட்டு மாதம். புருசன் நீக்கிலாப்பிள்ளை வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறான். இந்த வேலை கிடைத்தால்தான் மூன்று பிள்ளைகளுக்கும் இரண்டு நேரமாவது அடுப்பு எரியும். அது கண்முன்னால் கைவிட்டுப் போகிறது. அதுவும் அவள் பின்னியதையே காட்டி!

"சத்தம் போதும்," என்றார் சிஸ்டர். "ரெண்டு பேரும் என்ரை முன்னாலை கொஞ்சம் பின்னிக் காட்டுங்கோ."

"நூலுக்கு எங்கை போறது சிஸ்டர்?" என்றாள் மரியநாயகி. "பாதை பூட்டின நாளிலையிருந்து கடையிலை ஒரு கட்டை நூல் இல்லை."

"நூல்தான் மேசையிலை கிடக்குதே. கரையிலை ஒரு சுத்தை அவிட்டுப்போட்டுத் திரும்பப் பின்னுங்கோ. முதலிலை யசிந்தா."

யசிந்தா விரிப்பை எடுத்து மடியில் வைத்தாள். கரையை விரல்களால் மெல்லத் தடவினாள். திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் தடவினாள். மறுபடியும் திருப்பினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கடைசியில் விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என்னாலை ஏலாது சிஸ்டர்! ஆறு மாசப் பாடு. என்ரை கையாலை எப்பிடி அவிழ்ப்பன்? எனக்கு வேலையும் வேண்டாம். அக்காவே இதை வைச்சிருக்கட்டும். அவிழ்க்க மட்டும் சொல்லாதேங்கோ!"

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். மரியநாயகி சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்தாள். "பாவம், பெத்த பிள்ளையைப் போலப் பாக்கிறாள்."

"கொண்டா இஞ்சை!" பெர்னடெட் பறித்தாள். "நடிப்புக்காரி! பக்கத்திலை இருத்தி, கையைப் பிடிச்சுப் பழக்கினனே, எனக்கு வேணும்!"

யசிந்தாவை எரித்துவிடுவதுபோலப் பார்த்தபடியே கரையில் விரலை விட்டாள். ஒரு முடிச்சைப் பல்லால் கடித்தாள். இழுத்தாள்.

ஒரு சுற்று சரசரவென்று போயிற்று. அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது போயிற்று, மூன்றாவது போயிற்று. செதில் செதிலாகக் கழன்று நூல் காலடியில் குவிந்தது.

"போதும் பெர்னடெட்! ஒரு சுத்துத்தானே கேட்டனான்."

"கிடக்கட்டும் சிஸ்டர்! கள்ளியின்ரை கை பட்டது எனக்கு வேண்டாம்!"

நடுப்பூவும் அவிழ்ந்து முடிந்தபோதுதான் கை ஓய்ந்தது.

"ஐயோ மாதாவே, கல்நெஞ்சுக்காரி!" என்றாள் மரியநாயகி. "பின்னினவள் இப்பிடிச் செய்வாளோ? இனி வேறை சாட்சியும் வேணுமோ சிஸ்டர்?"

சிஸ்டர் எழுந்து யசிந்தாவிடம் போய்த் தன்னுடைய லேஞ்சியைக் கண் துடைக்கக் கொடுத்தார். பெண்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அதைப் பார்த்த பெர்னடெட் கையோடு கொண்டுவந்திருந்த பின்னல் ஊசியை மேசையில் எறிந்துவிட்டு விறுவிறென்று வாசலுக்கு நடந்தாள்.

"பெர்னடெட், நில்லும்," என்றார் சிஸ்டர். "திங்கட்கிழமை எட்டு மணிக்கு வகுப்பு. வரேக்கை உந்த நூலையும் உருட்டிக் கொண்டுவாரும்."

பெண்களின் தலையாட்டல் பாதியில் நின்றது.

"சிஸ்டர்! அவிழ்க்க மனம் வராமல் அழுதது நானெல்லோ?" யசிந்தா விம்மினாள்.

"கண்ணைத் துடையும் பிள்ளை. பின்னி முடிச்சவள் நூலின்ரை கடைசி நுனியை உள்ளுக்கை செருகி ஒளிச்சு வைப்பாள். அதிலை பிடிச்சு இழுத்தால்தான் றேந்தை அவிழும். உம்மைத் திட்டின திட்டிலை பெர்னடெட் துணியைப் பாக்கக்கூட இல்லை, விரல் நேரை அங்கை போச்சுது. நீர் இவ்வளவு நேரமும் துணியைத் தடவேல்லை, அந்த நுனியைத் தேடினீர்."