புது கட்டிங் மாஸ்டர்

“அந்தக் கம்பெனி முதலாளி மட்டும் என் கண்ணுல பட்டா, நறுக்குன்னு நாலு கேள்வி கேட்பேன்மா” என்றார் அவர்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி சிரிக்காமல் தலையாட்டினாள்.

சீருடை தைக்கும் அந்தக் கூடத்தை அவர் விலைக்கு வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதுவரை துணிக்கடை வைத்திருந்தவர். துணியை விற்கத் தெரியும். தைக்கிற தொழிலில் அரிச்சுவடிகூடத் தெரியாது. வந்து பார்த்தால் கட்டிங் மாஸ்டர் இல்லை. உதவிக்கு இருந்த ஆள் தனியாகத் திண்டாட, பாதி மெஷின்கள் சும்மா கிடந்தன. மருத்துவமனைக்காரர்கள் நர்ஸ் உடுப்பு எங்கே என்று போனில் உயிரை எடுத்தார்கள். மேனேஜரைக் கேட்டால், பழைய மாஸ்டர் நின்றுவிட்டார், அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது, வேறு ஆள் பார்க்கலாம் என்று இழுத்தார்.

பொறுத்துப் பார்த்தவர், வாசலில் தானே ‘ஆள் தேவை’ போர்டு மாட்டிவிட்டார். மேனேஜர் பேங்குக்குப் போயிருந்த நேரத்தில் இவள் வெளிப்படி ஏறி, மாடியில் இருந்த அவர் அறைக்கு வந்தாள்.

முதலில் ஒரு துணிச் சுருளைக் கொடுத்து வெட்டிக் காட்டச் சொன்னார். அவள் அவருடைய மேஜையிலேயே விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெட்டி முடித்தாள். மிஞ்சிய துணி ஒரு கைக்குட்டைக்குக் காணாது. துணிக்கடைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிறகுதான் பழைய வேலையை விசாரித்தார். இதே தெருவில்தான் என்றாள். சோறு போட்ட இடம், பெயரைச் சொல்லித் தூற்ற வேண்டாமே என்றாள். அங்கே புதிதாக வந்த ஒருத்தனுக்கு வேலையே அவள்தான் கற்றுக்கொடுத்தாளாம். அவனுக்குத் தன்னைவிடச் சம்பளம் அதிகம் என்று பிறகு தெரியவந்திருக்கிறது. நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

“என்ன சொன்னாங்க?”

“அவன் குடும்பத்தைக் காப்பாத்தணும், உங்களுக்குத்தான் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரேன்னாங்க. முடிஞ்சா இருங்க, இல்லைன்னா உங்க இஷ்டம்னாங்க. பெரிய கும்பிடா போட்டுட்டு வந்துட்டேன் சார்.”

அதைக் கேட்டுத்தான் அவர் அப்படிக் கொதித்தார். ஆளை மதிக்கத் தெரியாத கம்பெனி உருப்படவே உருப்படாது என்று மேஜையைத் தட்டினார். அந்தச் சூட்டிலேயே, அவள் வாங்கியதைப் போல் இரண்டு மடங்கு தருவதாகவும் சொன்னார்.

அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை.

“கீழே காஜா எடுக்கிறது, பட்டன் தைக்கிறதெல்லாம் பொம்பளைங்கதான் சார். அவங்களுக்கும் குறைச்சலா இருந்தா, சரி பண்ணிக் கொடுத்துடுங்க.”

“என் இடத்துல அப்படி நடக்குமாம்மா?”

“விசாரிங்க சார்.”

கொஞ்சம் யோசித்தார். நாலு கேள்வி கேட்பேன் என்று சொன்ன வாய் ஆயிற்றே. அதையும் சேர்த்தே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நல்ல ஆள் கிடைத்த சந்தோஷத்தில், தானே அவளை உள்படி வழியாகக் கீழே கூட்டிக்கொண்டு போனார். பேங்கிலிருந்து திரும்பியிருந்த மேனேஜர் எதிரே வந்து, வாயைத் திறந்தவர் திறந்தபடி நின்றார். அதை இவர் கவனிக்கவில்லை.

“புது இடம்னு கூச்சப்படாதீங்கம்மா. ஒவ்வொருத்தரா அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க வேலையை விட்டுப் போனதிலேர்ந்து, உங்க கத்தரியை இங்க யாரையும் தொட விடலக்கா.”